டேலண்ட், ஸ்கில், எபிலிட்டி: எல்லாவற்றுக்கும் ‘திறமை’ போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த ஆங்கிலச் சொற்பட்டியலில் டேலண்ட், ஸ்கில், எபிலிட்டி, ஆப்டிடியூட், கெபாசிட்டி, ஃப்ளேர், நேக் ஆகிய ஏழு சொற்களையும் ஒரே கட்டத்தில் அடைத்து, எதிரே ‘திறமை’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டிருந்தீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள். அந்தக் கவலையால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம். இந்த ஏழும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளக்கூடிய சொற்கள் இல்லை. ‘இது இவருக்கு எப்படி வந்தது’ என்று கேட்டால் ஒவ்வொரு சொல்லும் வேறு பதில் சொல்லும். கூடப் பிறந்தது என்று ஒன்று சொல்லும், பழகி வந்தது என்று ஒன்று சொல்லும், இனிமேல் வரக்கூடும் என்று இன்னொன்று சொல்லும். இந்த வேறுபாடு போய்விட்டால் வாக்கியம் பிழையாவதோடு நிற்காது, மனிதரைப் பற்றிய மதிப்பீடும் பிழையாகிவிடும்.

டேலண்ட் முதலில் ஓர் எடையின் பெயர். கிரேக்க மொழியில் ‘தாலந்தோன்’ என்றால் தராசு, பிறகு தராசில் நிறுக்கும் ஓர் எடை, பிறகு அந்த எடையுள்ள வெள்ளி. புதிய ஏற்பாட்டுக் காலக் கணக்கில் ஒரு தாலந்து 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதாவது ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்புக்குச் சமமான தொகை. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எஜமான் வெளியூர் புறப்படும்போது ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்துவிட்டுப் போகிறான். ஒன்றை வாங்கியவன் அதை மண்ணில் புதைத்து வைக்கிறான். இந்த உவமையை வைத்துத்தான் 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் ‘கடவுள் ஒப்படைத்த இயல்பான ஆற்றல்’ என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு வந்தது. தமிழ் வேதாகமம் ‘தாலந்து’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. நம் ஊர்த் திருச்சபைகளில் பிள்ளைகளின் பாட்டு, வசனம் ஒப்புவித்தல் ஆகியவற்றைத் தாலந்து என்று சொல்வது இன்றும் வழக்கம். ஆங்கிலத்தில் நடந்த அதே பொருள் மாற்றம் தமிழிலும் நடந்திருக்கிறது.

அந்த வசனத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. எஜமான் அவனவனுடைய ‘திறமைக்குத்தக்கதாக’த் தாலந்தைக் கொடுத்தான் என்று தமிழ் மொழிபெயர்ப்பு சொல்கிறது. ஆங்கில வேதாகமத்தில் திறமை இருக்கும் இடத்தில் எபிலிட்டி இருக்கிறது. கொடுக்கப்பட்டது டேலண்ட், கொடுப்பதற்கு அளவுகோலாக இருந்தது எபிலிட்டி. இரண்டையும் ஒரே வரியில், இரு வேறு பொருளில் நிறுத்திய நூலிலிருந்து வந்த சொற்களை நாம் ஒரே கட்டத்தில் போட்டு மூடுவது சரியில்லை.

‘டேலண்டட்’ என்ற வடிவத்துக்கு ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் எதிர்ப்பு இருந்தது. 1832-இல் கவிஞர் கோல்ரிட்ஜ், நாளிதழ்களிலிருந்து கசிந்து நல்ல ஏடுகளுக்குள்ளும் நுழைகிற காட்டுமிராண்டிச் சொல் என்று அதைத் திட்டினார். டேலண்ட் பணத்தின் பெயர், அதிலிருந்து ‘டேலண்டட்’ வருமென்றால் ‘ஷில்லிங்டு’, ‘ஃபார்திங்டு’ என்றும் சொல்லலாமே என்பது அவர் வாதம். அவர் தோற்றுவிட்டார், சொல் நிலைத்துவிட்டது. நாளிதழ் ஒரு சொல்லை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

டேலண்டின் பக்கத்து வீட்டுச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘கிஃப்ட்’ என்பதில் கொடுத்தவர் ஒருவர் உண்டு என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும், நம் ‘வரம்’ போல. ‘ஃப்ளேர்’ பிரெஞ்சில் மோப்பம். யாரும் சொல்லித் தராமலே எது எடுபடும் என்று மூக்கில் வேர்த்தாற்போலத் தெரிந்துகொள்கிறவருக்கு அது பொருந்தும். உடை, எழுத்து, வியாபாரம் போன்றவற்றில் சொல்லலாம், கிணறு வெட்டுவதற்குச் சொன்னால் ஒட்டாது. ‘ஜீனியஸ்’ லத்தீனில் ஒருவர் பிறக்கும்போதே கூட வரும் காவல் தெய்வம். அதே வேரில் ‘இன்ஜீனியம்’ என்றொரு சொல் உண்டு, உள்ளே பிறந்த அறிவு என்று பொருள். எஞ்சின், எஞ்சினியர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘ப்ராடிஜி’ என்பது முதலில் சகுனம், இப்போது சிறு வயதிலேயே வியக்க வைக்கும் பிள்ளை. அதனால் முப்பத்தைந்து வயதுக்காரரை ப்ராடிஜி என்று எழுதக் கூடாது.

சொல்லைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலேய விஞ்ஞானி ஃபிரான்சிஸ் கால்ட்டன் நல்ல பாடம். மேதைமை பரம்பரையாக வருகிறது என்று வாதிட்டு அவர் 1869-இல் எழுதிய நூலின் தலைப்பில் ‘ஜீனியஸ்’ என்ற சொல்லை வைத்தார். 1892-இல் மறுபதிப்பு வந்தபோது முன்னுரையில், அந்தத் தலைப்புதான் நூலின் பெரிய குறை, ‘எபிலிட்டி’ என்று வைத்திருக்க வேண்டும் என்று வருந்தினார். அவருடைய கொள்கை மனித குலத்துக்குச் செய்த கேடு தனிக்கதை. ஆனால் தலைப்பில் நின்ற ஒரு சொல் வாசகரை எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று அவருக்கே இருபத்து மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது.

இனி ஸ்கில். இது ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பழைய நார்ஸ் மொழியில் ‘ஸ்கில்’ என்றால் வேறுபாடு, பிரித்தறிதல். கல்லையும் அரிசியையும் பிரிக்கத் தெரிவதுதான் அதன் அடிப்பொருள். தமிழில் இதற்கு நேராக ஒரு வேர் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘தேர்’ என்றால் ஆராய்ந்து பிரித்தெடு. அதிலிருந்து தேர்தல், தேர்வு, தெரிவு எல்லாம் வருகின்றன. அதே வேரிலிருந்துதான் ‘கைதேர்ந்த தச்சர்’, ‘தேர்ச்சி’ என்பனவும் வருகின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று கை தானே அறிந்துவிட்ட நிலைக்கு வடக்கே ஒரு மொழியும் தெற்கே ஒரு மொழியும் ஒரே வழியில் போய்ப் பெயர் வைத்திருக்கின்றன. ஸ்கில்லுக்குத் தமிழில் உயிரோட்டமான சொல் வேண்டுமென்றால் ‘கைதேர்ச்சி’ அங்கேயே இருக்கிறது. ‘தேர்ச்சி’யைத் தனியாக எழுதினால் பரீட்சை முடிவு என்று படித்துவிடுவார்கள் என்பதால் ‘கை’யைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

எபிலிட்டியின் வேர் லத்தீன் ‘ஹாபிலிஸ்’, கையில் பிடிக்க ஏதுவானது என்று பொருள். இன்று அது எல்லாவற்றிலும் பொதுவான, நிறம் குறைந்த சொல். முடியும் என்பதை மட்டும் சொல்லும், எப்படி முடிகிறது என்பதைச் சொல்லாது. பிறப்பால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்று தெரியாதபோதும், தெரிவிக்க விரும்பாதபோதும் எபிலிட்டி போடலாம். நீந்தும் எபிலிட்டி வாத்துக்கும் உண்டு, பயிற்சி பெற்ற வீரருக்கும் உண்டு. வாத்துக்கு நீந்தும் ஸ்கில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் யாரும் எழுத மாட்டார்கள்.

மாணவர்கள் உடனே பயன்படுத்தக்கூடிய சோதனை இரண்டு உண்டு. முதலாவது, சொல்லுக்குப் பின்னால் வரும் முன்னிடைச்சொல். டேலண்ட், கிஃப்ட், ஃப்ளேர், ஆப்டிடியூட், ஜீனியஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் ‘ஃபார்’ வரும்: எ டேலண்ட் ஃபார் மியூசிக், அன் ஆப்டிடியூட் ஃபார் மேத்ஸ். ஸ்கில், ப்ரொஃபிஷியன்சி, எக்ஸ்பர்ட்டீஸ், காம்பிடென்ஸ் ஆகியவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ‘இன்’ வரும், ஸ்கில்லுக்கு ‘அட்’டும் வரும். இயல்பாய் வந்தவை ‘ஃபார்’ என்றும், உழைத்துப் பெற்றவை ‘இன்’ என்றும் நினைவில் வைத்துக்கொண்டால் பத்தில் எட்டு இடம் சரியாகிவிடும். எபிலிட்டிக்குப் பின்னால் ‘டு’வும் வினைச்சொல்லும் வரும்: த எபிலிட்டி டு ஸ்பீக். நம் பிள்ளைகள் எழுதும் ‘எபிலிட்டி ஆஃப் ஸ்பீக்கிங்’ தவறு. கேப்பபிள் என்ற சொல் இதற்கு நேர் எதிர்: ‘கேப்பபிள் ஆஃப் டூயிங்’ சரி, ‘கேப்பபிள் டு டூ’ தவறு. ஏபிளும் கேப்பபிளும் ஓசையில் உறவு போலத் தெரிவதால் ஒன்றின் வாலை இன்னொன்றில் ஒட்டிவிடுகிறார்கள். விண்ணப்பக் கடிதங்களில் இந்தப் பிழையைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இரண்டாவது சோதனை, சொல்லுக்கு முன்னால் வரும் வினை. ஸ்கில்லைக் கற்கலாம், பெறலாம், தீட்டலாம். லேர்ன், அக்வயர், ஹோன் மூன்றும் அதனோடு இயல்பாகச் சேரும். டேலண்டைக் கண்டுபிடிக்கலாம், வளர்க்கலாம், வீணாக்கலாம், மறைத்து வைக்கலாம். ‘ஐ லேர்ன்ட் எ டேலண்ட்’ என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். நிறுவனங்கள் சொல்லும் ‘டேலண்ட் அக்விசிஷன்’ என்பதில் அக்வயர் வருகிறதே என்று கேட்கலாம். அங்கே டேலண்ட் என்றால் திறமையுள்ள ஆட்கள். அது வெறும் ஆள் சேர்ப்புதான், ‘திறமையைப் பெறுதல்’ என்று மொழிபெயர்க்கக் கூடாது.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கில்ஸ், டேலண்ட்ஸ், எபிலிட்டீஸ் என்று பன்மையில் எழுதலாம். எக்ஸ்பர்ட்டீஸுக்குப் பன்மை கிடையாது. நேக் எப்போதும் ஒருமை. எதிர்மறைகளிலும் பலர் வழுக்குகிறார்கள்: ஏபிளின் எதிர்ச்சொல் ‘அனேபிள்’, ஆனால் எபிலிட்டியின் எதிர்ச்சொல் ‘இனெபிலிட்டி’. ‘அனெபிலிட்டி’ என்று எழுதக் கூடாது.

எபிலிட்டியோடு ஒட்டிய இலக்கணப் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழின் ‘முடிந்தது’ அதற்கு நேரடிக் காரணம். கடந்த காலத்தில் பொதுவாக இருந்த ஆற்றலுக்குக் ‘குட்’ வரும்: சின்ன வயதில் அவளால் மரம் ஏற முடிந்தது, ஷீ குட் கிளைம்ப் ட்ரீஸ். ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு தடவை செய்து முடித்த காரியத்துக்குக் ‘குட்’ போதாது, ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்டு டு’ வேண்டும்: தீ பரவியது, ஆனால் எல்லாராலும் தப்பிக்க முடிந்தது, எவ்ரிஒன் வாஸ் ஏபிள் டு எஸ்கேப். தமிழில் இரண்டுக்கும் ‘முடிந்தது’ என்றே சொல்வதால் நம் கை தானாகக் ‘குட்’ போட்டுவிடுகிறது. எதிர்மறையில் மட்டும் கவலை இல்லை, ‘குடின்ட்’ இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

ஆப்டிடியூட் என்பது இன்னும் கற்காத ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒருவருக்கு இருக்கும் இசைவு. ‘ஆப்டஸ்’ என்றால் பொருத்தம். கற்ற பாடத்தைக் கேட்கும் தேர்வு அச்சீவ்மென்ட் தேர்வு, கற்கத் தக்கவரா என்று பார்ப்பது ஆப்டிடியூட் தேர்வு. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு 1926-இல் தொடங்கியபோது அந்த ‘ஏ’ ஆப்டிடியூட்டைக் குறித்தது. பிறவியிலேயே அமைந்த ஒன்றை அளக்கிறோம் என்ற எண்ணத்தை அந்தச் சொல் உண்டாக்குகிறது என்ற விமர்சனம் வளர்ந்து, 1990-இல் அதை ‘அசெஸ்மென்ட்’ என்று மாற்றினார்கள். 1997-இல் அந்த மூன்று எழுத்துக்கும் விரிவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தாங்க முடியாமல் பெயரையே காலி செய்த தேர்வு அது.

நம் ஊரில் எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வைப் பாருங்கள். அதன் பெயரில் ‘மெரிட்’ இருக்கிறது, தமிழில் ‘திறன் படிப்புதவித்தொகை’ என்கிறோம். அதன் ஒரு தாள் மென்டல் எபிலிட்டி, அது தமிழில் மனத்திறன். இன்னொரு தாளின் பெயரில் ஆப்டிடியூட் இருக்கிறது, உள்ளே கேட்பதோ அறிவியல், கணிதம், சமூக அறிவியல் பாடங்களிலிருந்து. அதே பிள்ளை ஒன்பதாம் வகுப்பு போனதும் கிராமத்துப் பள்ளி என்றால் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதலாம், அங்கே திறன் என்பது டேலண்ட். படித்து முடித்தபின் திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்குப் போனால் அங்கே திறன் என்பது ஸ்கில். மாற்றுத்திறனாளி என்பதில் எபிலிட்டி. பதினோராம் வகுப்பு இயற்பியலில் திறன் என்றால் ‘பவர்’, வாட்டில் அளப்பது. மெரிட், எபிலிட்டி, டேலண்ட், ஸ்கில், பவர் ஐந்துக்கும் ஒரே மூன்றெழுத்து. இந்தச் சுமையைத் தூக்குகிற ஒரு சொல்லிடம் இனிமேல் எந்த நுட்பத்தை எதிர்பார்ப்பது?

இத்தனைக்கும் தமிழ் தானாகவே ஒரு பிரிவினையைச் செய்துதான் வைத்திருக்கிறது. திறமை மனிதருக்கு மட்டும் உரியது, திறன் அளந்து சொல்லக்கூடியது. எஞ்சினின் திறன் என்போம், எஞ்சினின் திறமை என்று சொல்ல மாட்டோம். ‘திறமைசாலி’ என்போம், ‘திறன்சாலி’ என்பதில்லை. அதனால் டேலண்டுக்குத் திறமையும், பயிற்சியால் வரும், அளந்து சொல்லக்கூடிய ஸ்கில்லுக்குத் திறனும் என்று உங்கள் பக்கத்திலாவது உறுதியாக வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிப் பாதிக்கு இலங்கைத் தமிழைப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழக நுழைவுக்கான ஆப்டிடியூட் தேர்வு ‘உளச்சார்புப் பரீட்சை’. உள்ளம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அப்படியே சொல்லும் அழகான சொல். பாடத்திட்டத்தில் காம்பிடென்சி என்பதைத் ‘தேர்ச்சி’ என்றும், அதன் படிநிலைகளைத் ‘தேர்ச்சி மட்டம்’ என்றும் எழுதுகிறார்கள். கெபாசிட்டியை ‘இயலளவு’ என்கிறார்கள். கெபாசிட்டியின் லத்தீன் வேர் ‘கொள்ளுதல்’ என்பதால் இந்த ‘அளவு’ சரியாகப் பொருந்துகிறது. குடத்துக்கு எவ்வளவு கொள்ளும் என்பது போல, மனிதருக்கு எவ்வளவு தாங்கும் என்பதுதான் கெபாசிட்டி. நம் பேச்சில் ‘அவருக்கு அந்தக் கெபாசிட்டி இல்லை’ என்றால் பெரும்பாலும் கையில் காசில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் அவருடைய அறிவைக் குறை சொன்னதாகப் போய்விடும்.

ஆப்டிடியூடை ‘நாட்டம்’ என்று மொழிபெயர்ப்பதும் தவறு. நாட்டம் விருப்பம் மட்டுமே. பாட்டில் நாட்டம் உள்ளவருக்குச் சுருதி சேராமல் போகலாம்.

பட்டியலிலிருந்த கடைசிச் சொல் நேக். சிறு காரியம் ஒன்றைச் சிரமமில்லாமல் செய்துவிடும் கைவாகு அது. பழக்கத்தால் வரும், ஆனால் பாடமாகச் சொல்லித் தர முடியாது. முறுக்குப் பிழியும்போது மாவு அறுந்து போகாமல் சுற்றை முடிப்பது, சாவி சிக்கும் பூட்டைக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்பித் திறப்பது போன்றவை. நம் பேச்சில் ‘அந்த நேக்குத் தெரியணும்’ என்கிறோமே, அதே இடம்தான். மூளை அறுவை மருத்துவருக்கு அறுவை செய்யும் நேக் இருக்கிறது என்று எழுதினால் அவருடைய பதினைந்து ஆண்டுப் படிப்பைக் கைப்பழக்கமாக்கிச் சிறுமைப்படுத்தியதாகும்.

எங்களுக்கு மிகவும் வலிப்பது இன்னொரு சொல், ‘அன்ஸ்கில்டு’. கூலி நிர்ணயப் பட்டியல்களில் அன்ஸ்கில்டு, செமி-ஸ்கில்டு, ஸ்கில்டு, ஹைலி ஸ்கில்டு என்று வேலையைப் பிரிப்பார்கள். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் ‘அன்ஸ்கில்டு மேனுவல் வொர்க்’ என்றே சொன்னது. முறையான முன்பயிற்சியோ சான்றிதழோ கேட்காத வேலை என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அது வேலையைப் பற்றிய வகைப்பாடு. தமிழில் அதைத் ‘திறனற்ற தொழிலாளர்கள்’ என்றும், சில செய்திகளில் ‘திறமையற்ற தொழிலாளர்கள்’ என்றும் எழுதும்போது வேலையின் மேல் இருந்த சொல் மனிதரின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

நாற்று நடும் பெண்ணின் கையைப் பாருங்கள். இடக்கையில் முடிச்சு. வலக்கைப் பெருவிரலும் இரண்டு விரல்களும் சேர்ந்து, பாராமலே இரண்டு மூன்று நாற்றை மட்டும் பிரித்து எடுக்கின்றன. வேர் மடங்காமல் சேற்றுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். ஆழம் கூடினால் தூர் வெடிப்பது தாமதமாகும், பக்கக் கிளைப்பு குறையும். ஆழம் குறைந்தால் தண்ணீர் கட்டும்போது நாற்று மிதந்துவிடும். குனிந்த நிலையில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே, பக்கத்தில் நடுகிறவரோடு வரிசை பிசகாமல், இதை நாள் முழுக்கச் செய்கிறார். பிரித்தறிவதுதான் ஸ்கில் என்றால் அந்த மூன்று விரலில் இருப்பது அதுதான். சான்றிதழ் இல்லாததால் ஆங்கிலப் பட்டியல் அன்ஸ்கில்டு என்கிறது. தமிழில் அவரைத் திறமையற்றவர் என்று அச்சிட எந்த நாளிதழுக்கும் உரிமை இல்லை. ‘முன்பயிற்சி கோராத வேலை’ என்று எழுதுங்கள், அல்லது ‘உடலுழைப்பு வேலை’ என்று எழுதுங்கள்.

ஸ்கில்டு, ஸ்கில்ஃபுல் வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். பயிற்சி முடித்தவர் ஸ்கில்டு, காரியத்தை நேர்த்தியாகச் செய்கிறவர் ஸ்கில்ஃபுல். ஸ்கில்டு எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு நாள் வேலையை ஸ்கில்ஃபுல்லாகச் செய்யாமல் போகலாம். ‘ஸ்கில்ஃபுல் லேபர்’ என்ற வகை கிடையாது.

பழகி வருவது எது, பிறவியில் வருவது எது என்ற கணக்கு நமக்குப் புதிதில்லை. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்ற ஔவையின் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதன் கடைசி வரியைத்தான் பலர் சொல்வதில்லை: நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம். ஓவியத்தையும் மொழியையும் கல்வியையும் பழக்கத்தின் பக்கம் வைத்துவிட்டு, இரக்கத்தையும் ஈகையையும் பிறப்பின் பக்கம் வைத்த பாட்டு அது. இன்றைய ஆங்கிலம் ஓவியத்துக்கு முதலில் டேலண்ட் என்ற சொல்லைத்தான் தேடி எடுக்கும். இந்தப் பாட்டின்படி அது ஸ்கில்.

வேலைக்கான தன்விவரக் குறிப்பில் ‘ஸ்கில்ஸ்’ என்ற தலைப்பின் கீழே நம் பட்டதாரிகள் ‘ஹார்ட் வொர்க்கிங், பங்ச்சுவல், ஹானஸ்ட்’ என்று எழுதுகிறார்கள். அவை குணங்கள். ஸ்கில் என்றால் செய்து காட்டக்கூடிய ஒன்று வேண்டும்: டேலியில் கணக்கு முடிப்பது, ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்வது, நிமிடத்துக்கு 45 சொல் தட்டச்சு. தலைப்புக்கு எதிரே எழுதியதை நேர்காணலில் ‘இப்போதே செய்து காட்டு’ என்று சொல்ல முடிந்தால் அது ஸ்கில், முடியாவிட்டால் வேறு தலைப்புக்கு மாற்ற வேண்டும்.

அளவைச் சொல்லும் சொற்களுக்கும் வரிசை உண்டு. ஒருவர் ஒரு ஸ்கில்லில் எப்படி வளர்கிறார் என்று ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் ட்ரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த ஐந்து படிகளில் நாவிஸ் முதலில், பிறகு அட்வான்ஸ்டு பிகினர், காம்பிடென்ட், ப்ரொஃபிஷியன்ட், எக்ஸ்பர்ட். காம்பிடென்ட் என்பது குறையில்லாமல் வேலையை முடிப்பவர், அவ்வளவுதான். அதைப் பெரிய பாராட்டு என்று நினைத்துச் சான்றுக் கடிதத்தில் எழுதினால் வாங்குபவருக்கு நஷ்டம். ஆங்கில அறிவை அளக்க உலகெங்கும் பயன்படும் ஐரோப்பியப் பொதுச் சட்டகம் 2001-இல் வெளியானது. ஏ1 முதல் சி2 வரை அதன் ஆறு படிகளில் கடைசி இரண்டுக்கு மட்டுமே ‘ப்ரொஃபிஷியன்ட்’ என்று பெயர். இடையிலுள்ள பி1, பி2 படிகளுக்கு ‘இண்டிபென்டென்ட்’. பி1 சான்றிதழை இணைத்துவிட்டு ‘ப்ரொஃபிஷியன்ட் இன் இங்கிலிஷ்’ என்று எழுதினால் இரண்டு தாள்களும் ஒன்றையொன்று பொய்யாக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் முதன்முதலாக ப்ரொஃபிஷியன்சி தேர்வு நடத்தியபோது மூன்று பேர் எழுதினார்கள், மூவரும் தேறவில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கனம் உண்டு.

பள்ளி முன்னேற்ற அறிக்கையில் இந்தச் சொற்கள் படும் பாடுதான் எல்லாவற்றிலும் அவசரமானது. ‘லேக்ஸ் எபிலிட்டி இன் மேத்ஸ்’ என்று எழுதுகிறார்கள். அதைத் தமிழாக்கிக் கேட்கும் பெற்றோருக்கு என் பிள்ளைக்குக் கணக்கு வராது என்றே விளங்கும், பிள்ளைக்கும் அப்படியே விளங்கும். எழுதிய ஆசிரியர் சொல்ல நினைத்ததோ பின்னங்களைக் கூட்டும்போது கீழெண்ணைச் சமமாக்கத் தெரியவில்லை என்பது. அது ஸ்கில், இரண்டு வாரத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியது. எபிலிட்டி, டேலண்ட், ஆப்டிடியூட் மூன்றையும் குறைகூறும் வாக்கியத்தில் பயன்படுத்தாமல், எந்த ஸ்கில் இன்னும் வரவில்லை என்று பெயர் சொல்லி எழுதினால் போதும்: ‘நீட்ஸ் பிராக்டிஸ் இன் ஆடிங் ஃப்ராக்ஷன்ஸ்’.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. அந்தப் பட்டியலை மறுபடி வெளியிடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லோடு அதற்குரிய முன்னிடைச்சொல்லையும், சேர்ந்து வரும் ஒரு வினையையும் போடுங்கள். டேலண்டுக்குத் திறமை, ஸ்கில்லுக்குத் திறன் அல்லது கைதேர்ச்சி, எபிலிட்டிக்கு ஆற்றல், ஆப்டிடியூடுக்கு உளச்சார்பு, கெபாசிட்டிக்கு இயலளவு, நேக்குக்குக் கைவாகு என்று வைக்கலாம். ஃப்ளேருக்கு ஒற்றைச் சொல் தேடாமல் ‘இயல்பாய் அமைந்த நயம்’ என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதினாலும் இடம் பற்றும்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.